ஸ்பெக்ட்ரத்தை மேசைக் கணினியில் ஓட்டுவது: எமுலேட்டர் எதுவரை போக வேண்டும்?

டெபியன் லினக்ஸில் ஸ்பெக்ட்ரத்துக்கான ஃபியூஸ் எமுலேட்டரை நிறுவ நினைப்பவர், வெறும் 'ஃபியூஸ்' என்று பெயர் கொடுத்தால் வந்து உட்காருவது வேறொன்று. கோப்பு முறைமைகளைக் கெர்னலுக்கு வெளியே ஓட்ட உதவும் ஒரு கருவி அது. 1982-ஆம் ஆண்டின் அந்தக் கணினிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நமக்கு வேண்டியது 'ஃபியூஸ் எமுலேட்டர்' என்ற நீளமான பெயரில் இருக்கிறது. அதிலும் ஜிடிகே, எஸ்டிஎல் என்று இரண்டு வகை. மெனுவும் ஜன்னலும் வழக்கம்போல வேண்டும் என்பவருக்கு முதலாவது. முழுத்திரையில் விளையாடினால் போதும் என்பவருக்கு இரண்டாவது. அதில் எஃப்1 விசையைத் தட்டினால்தான் மெனு தலைகாட்டும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. எதுவானாலும் சில நிமிட வேலைதான்.

நிறுவுவது இவ்வளவு எளிது என்பதாலேயே, பழைய கணினி எமுலேட்டர்களைப் பற்றி எழுதப்படுவதில் பாதி "இறக்கு, சொடுக்கு, விளையாடு" என்று முடிந்துவிடுகிறது. திரையில் படம் வந்துவிட்டது சரி. வந்தது பழைய இயந்திரம்தானா, அல்லது அதன் சாயலில் ஏதோ ஒன்றா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. விளையாட வருபவர், நிரல் எழுத வருபவர், பழையதைப் பாதுகாக்க வருபவர் என ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைகளை அலச, எனக்கு நன்கு பரிச்சயமான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை மையமாக வைத்துக்கொள்கிறேன். காமடோர் 64-உம் பிபிசி மைக்ரோவும் தேவைப்படும் இடத்தில் வந்து போகும்.

ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் அறிமுகமானது. கேம்பிரிட்ஜில் இருந்த சின்கிளேர் ரிசர்ச் நிறுவனத்தின் தயாரிப்பு. 16 கிலோபைட் நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ புராசசர், பேசிக் மொழியைத் தாங்கிய 16 கிலோபைட் ரோம், திரையையும் கீபோர்டையும் கேசட்டையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் யூஎல்ஏ என்ற சிப். வெளியே நாற்பது ரப்பர் விசைகள். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, சேமிப்புக்கு வீட்டு டேப் ரெக்கார்டர். விலை அவ்வளவு குறைந்ததற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான். நாற்பது ஆண்டு கழித்து எமுலேட்டர் எழுதுபவரின் தலைவலிக்கும் அதுவே காரணம்.

முதலில் ரோம். எமுலேட்டர் என்பது இசட்80-இன் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அந்தச் சிப் செய்திருக்கும் காரியத்தை நம் கணினியின் நினைவகத்தில் செய்து காட்டும் நிரல். ஆனால் படிப்பதற்குக் கட்டளை வேண்டுமே? இயந்திரத்தை இயக்கியதும் ஓடத் தொடங்கும் அந்த 16 கிலோபைட், எமுலேட்டர் ஆசிரியர் எழுதியதல்ல. பேசிக்கை எழுதியவர் நைன் டைல்ஸ் நிறுவனத்தின் ஸ்டீவன் விக்கர்ஸ். 1986-இல் சின்கிளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் வாங்கியபோது உரிமையும் அதனுடன் போயிற்று. 1999-இல் ஆம்ஸ்ட்ராட் தாராளமாக நடந்துகொண்டது. எமுலேட்டர்களுடன் ரோமைத் தாராளமாகத் தரலாம், பதிப்புரிமை வாசகத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று அறிவித்தது. ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள் பெரும்பாலானவை ரோமோடு வருவது இதனால்தான்.

தாராளமாகத் தருவது வேறு, கட்டற்ற உரிமம் வேறு. டெபியன் இந்த ரோமைக் 'கட்டற்றதல்லாத' பிரிவில் தனியே வைத்திருக்கிறது. கட்டற்ற மாற்றாக ஓபன்எஸ்இ பேசிக் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு பழைய விளையாட்டு ஒன்றை ஏற்றி, அது பாதியில் நின்றுபோனால், எமுலேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அசல் ரோமின் வெற்றிடத்தைக்கூட அந்தக் காலத்து நிரலாளர்கள் விட்டுவைக்கவில்லை.

இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். அசல் ரோமின் கடைசிப் பகுதியில் பயன்படாத ஆயிரத்துச் சொச்சம் பைட்டுகள் 255 என்ற எண்ணால் நிரப்பப்பட்டிருக்கும். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தன் நிரல் அழைக்கப்பட வேண்டும் என்று விரும்பியவருக்கு, ஒரே எண் வரிசையாக நிற்கும் 257 பைட் அட்டவணை தேவை. 48 கிலோபைட்டில் 257-ஐ வீணாக்க யாருக்கு மனம் வரும்? ரோமின் அந்த 255-களையே அட்டவணையாகக் காட்டிவிட்டார்கள். விளைவாகப் புராசசர் தாவும் இடம் 65535, அதாவது நினைவகத்தின் கடைசி பைட். அங்கே ஒரு பைட்டுக்குத்தான் இடம். 'இத்தனை தூரம் தாவு' என்ற கட்டளையின் முதல் பாதியை அங்கே வைத்தார்கள். இரண்டாம் பாதியைத் தேடும் புராசசர் முகவரி 0-க்குச் சுற்றி வந்துவிடும். அங்கே இருப்பது ரோமின் முதல் பைட், 243. அதைத் தாவும் தூரமாக எடுத்துக்கொண்டால் மைனஸ் 13. போய்ச் சேருமிடம் 65524. அங்கே தங்கள் நிரலைத் தயாராக வைத்திருந்தார்கள். ரோமின் முதல் பைட் மாறினாலோ அந்த வெற்றிடம் வேறு எதனாலோ நிரம்பினாலோ இந்த வித்தை குலைந்துவிடும். ரோமைப் பொறுத்தவரை 'ஏறக்குறைய அதே மாதிரி' என்பது எடுபடாது என்று நான் நினைப்பதற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

அடுத்தது கேசட். இங்கேதான் எமுலேட்டர்கள் இரு கட்சியாகப் பிரிகின்றன.

ஸ்பெக்ட்ரம் விளையாட்டு ஒன்று கேசட்டிலிருந்து ஏற ஐந்து நிமிடம்வரை ஆகும். லோட் கட்டளைக்கு ஜே விசை, பிறகு சிம்பல் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பி-யை இரு முறை தட்டினால் மேற்கோள் குறிகள், பிறகு என்டர். டேப்பை ஓடவிட்டதும் திரை ஓரத்தில் சிவப்பும் இளநீலமுமான பட்டைகள் ஊரும். தகவல் வரத் தொடங்கியதும் அவை நீலமும் மஞ்சளுமாக மாறித் துடிக்கும். முகப்புப் படம் மேலிருந்து கீழாக வராது. திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில், எட்டு கோட்டுக்கு ஒரு கோடாக முதலில் ஓடும். பிறகு அவற்றின் அடியில் அடுத்த கோடு. இப்படி எட்டுச் சுற்று. அது நிறைந்ததும் நடுப்பகுதி, பிறகு அடிப்பகுதி. அதுவரை எல்லாமே கறுப்பு வெள்ளை. கடைசி 768 பைட்டுகள் வரும்போதுதான் நிறம் ஏறும். 6,912 பைட் கொண்ட இந்த ஒரு படத்துக்கு மட்டும் சுமார் நாற்பது விநாடி.

இந்த ஐந்து நிமிடம் யாருக்கு வேண்டும்? பெரும்பாலோருக்கு வேண்டாம். அதனால் எமுலேட்டர்கள் ஒரு பொறி வைக்கின்றன. டேப்பிலிருந்து படிக்கும் ரோம் நிரல் தசமக் கணக்கில் 1366-ஆம் முகவரியில் தொடங்குகிறது. புராசசர் அங்கே வந்துவிட்டது தெரிந்தால், எமுலேட்டர் குறுக்கிட்டுக் கோப்பிலுள்ள தொகுதியை அப்படியே நினைவகத்தில் கொட்டிவிட்டு, 'படித்தாயிற்று' என்று கொடியைக் காட்டிவிடும். ஐந்து நிமிடம் ஒரு கண்ணிமைப்பாகிவிடுகிறது. டேப் என்ற எளிய கோப்பு வடிவத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அந்தக் கோப்பில் பைட்டுகள் மட்டுமே இருக்கும், ஒலி இருக்காது.

ஆனால் எண்பதுகளின் நடுவில் வந்த வணிக விளையாட்டுகளில் பல, ரோமின் நிரலை நம்பவில்லை. கேசட்டைப் படியெடுப்பதைத் தடுக்க ஸ்பீட்லாக் போன்ற தனி ஏற்றிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றின் துடிப்பு நீளம் வேறு, வேகம் வேறு, வரிசை வேறு. புராசசர் 1366-ஆம் முகவரிக்கு வருவதே இல்லை. பொறி காலியாகக் கிடக்கும். இவற்றுக்கு டிஇசட்எக்ஸ் என்ற வடிவம் வேண்டும். ஒவ்வொரு துடிப்பும் புராசசர் கடிகாரத்தின் எத்தனை தட்டுகள் நீடித்தது என்ற கணக்கே அதில் பதிவாகியிருக்கும். ரோமின் வழக்கமான கணக்கில் 0 என்ற பிட்டுக்கு 855 தட்டு நீளமுள்ள இரு துடிப்புகள். 1 என்றால் 1,710 தட்டு நீளமுள்ள இரு துடிப்புகள். மற்ற ஏற்றிகள் இந்த எண்களை மாற்றி விளையாடின. ஃபியூஸ் இத்தகைய ஏற்றிகளைக் கண்டுபிடித்து முடுக்கிவிடும். ஆனாலும் உள்ளே துடிப்புக் கணக்கு நடந்தே தீர வேண்டும்.

மூன்றாவது வழி நினைவகப் படம். விளையாட்டு ஏறி முடிந்த ஒரு கணத்தில் 48 கிலோபைட்டையும் புராசசரின் நிலையையும் எடுத்து ஒரே கோப்பில் அடைத்துவிடுவது. எஸ்என்ஏ வடிவம் சரியாக 49,179 பைட்: 27 பைட் தலைப்பு, மீதி நினைவகம். எளிமைக்கு ஒரு விலை உண்டு. நிரல் எந்த முகவரியில் நின்றது என்பதற்குத் தலைப்பில் இடமில்லை. அதை விளையாட்டின் சொந்த அடுக்கிலேயே திணித்து வைக்கிறார்கள். அந்த இரண்டு பைட் இடத்தில் விளையாட்டு எதையாவது வைத்திருந்தால் அது அழிந்துபோகும். கெர்டன் லுன்டரின் எமுலேட்டரிலிருந்து வந்த இசட்80 வடிவத்தில் இந்தக் கோளாறு இல்லை. இருந்தாலும் இரண்டிலும் முகப்புப் படம் போயிற்று, ஏற்றி போயிற்று, பாதுகாப்புப் பூட்டு போயிற்று. விளையாட இது போதும். பாதுகாக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எஸ்என்ஏ கோப்புகளை மட்டும் சேர்த்து வைப்பதை, அட்டையையும் முன்னுரையையும் கிழித்தெறிந்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் அடுக்குவதாகவே நான் பார்க்கிறேன்.

இனி நேரம். எமுலேட்டரின் தரத்தைத் தீர்மானிப்பது இதுதான். முதல் பார்வையில் கண்ணுக்குத் தெரியாததும் இதுதான்.

இன்றைய மேசைக் கணினிக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே அல்ல. வேகமாக ஓட்டுவது எவருக்கும் எளிது. சரியான இடத்தில் தாமதிப்பதுதான் கடினம். 48 கே ஸ்பெக்ட்ரத்தில் ஒரு திரைச் சட்டத்துக்குச் சரியாக 69,888 தட்டுகள். அதில் ஒரு பகுதி நேரம் யூஎல்ஏ திரைக்கான பைட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கும். அந்தப் பைட்டுகள் இருப்பது முகவரி 16384-இலிருந்து 32767 வரையுள்ள நினைவகத்தில். அதே நேரத்தில் புராசசரும் அங்கே கைவைத்தால், யூஎல்ஏ அதன் கடிகாரத்தை நிறுத்திக் காக்க வைக்கும். எவ்வளவு நேரம் என்பது எந்தத் தட்டில் வந்தது என்பதைப் பொறுத்தது: 6, 5, 4, 3, 2, 1, 0, 0 என்று எட்டுத் தட்டுக்கு ஒருமுறை சுழலும் தாமதம். அதனால் ஒரே நிரல், நினைவகத்தின் மேல்பாதியில் ஓடும்போது ஒரு வேகம், கீழ்ப்பாதியில் இன்னொரு வேகம்.

இதைக் கண்டுகொள்ளாத எமுலேட்டரிலும் பெரும்பாலான விளையாட்டுகள் ஓடும். குவிக்சில்வாவின் அக்வாபிளேன் ஓடும், ஆனால் அடிவானக் கோடு ஓரத்தோடு சேராது. திரையின் ஓரப் பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் என்பது ஸ்பெக்ட்ரத்தின் விதி. மின்கற்றை பாதி உயரத்தைத் தாண்டும் கணத்தில் அந்த நிறத்தை மாற்றி, கடலும் வானமும் திரையின் விளிம்பைத் தாண்டி விரிந்ததுபோல அந்த விளையாட்டு காட்டியது. ஆர்க்கனாய்டும் கோப்ராவும் ஒருபடி மேலே போயின. எந்தக் கருவியும் பதில் சொல்லாத ஓர் உள்ளீட்டு வாயிலைப் படித்தால், அந்தக் கணத்தில் யூஎல்ஏ கையில் வைத்திருக்கும் திரை பைட் கிடைக்கும். அதை வைத்து மின்கற்றை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தன. இது வடிவமைத்தவர்கள் திட்டமிட்டதல்ல, மின்சுற்றின் தற்செயல். அந்தத் தற்செயலையும் எமுலேட்டர் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

இயந்திரத்தின் பதிப்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இரண்டாம் வெளியீட்டுப் பலகையில் கீபோர்டைப் படிக்கும்போது கிடைத்த ஒரு பிட், மூன்றாம் வெளியீட்டில் வேறு மதிப்பைத் தந்தது. அந்த பிட்டைக் கழித்துப் பார்க்காமல் எழுதப்பட்ட தொடக்ககால விளையாட்டுகள் சில, பின்னர் வந்த இயந்திரத்தில் விசைக்கு அசையவே இல்லை. ஃபியூஸின் அமைப்புகளில் 'இரண்டாம் வெளியீடு' என்றொரு தேர்வு இதற்காகவே இருக்கிறது. 1983 வாக்கில் வந்த விளையாட்டு ஒன்று விசைகளுக்கு மசியாவிட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

கீபோர்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஸ்பெக்ட்ரத்தில் 'பிரின்ட்' என்று ஐந்து எழுத்தாகத் தட்ட முடியாது. வரித் தொடக்கத்தில் பி-யைத் தட்டினால் முழுச் சொல்லும் வந்து விழும். ஒரே விசையில் ஐந்தாறு வேலைகள். ஃபியூஸில் கேப்ஸ் ஷிஃப்ட்டுக்கு நம் ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட்டுக்குக் கன்ட்ரோல் அல்லது ஆல்ட். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: விசையின் இடத்தைப் பார்க்கும் எமுலேட்டர்கள் உண்டு, விசை தரும் எழுத்தைப் பார்ப்பவையும் உண்டு. காமடோருக்கான வைஸ் எமுலேட்டர் இரண்டையும் தேர்வாகவே தருகிறது. எழுத்தைப் பார்க்கும் வகையில் தமிழ்99 அமைப்பை மாற்றாமல் விட்டால், ஜே-யைத் தட்டும்போது எமுலேட்டருக்குப் போவது தமிழ் எழுத்து. அதற்கு அது என்ன செய்யும்? ஆங்கில அமைப்புக்கு மாறிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

திரை, ஒலி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 256-க்கு 192 என்ற அந்தப் படத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என முழு எண்களில் பெருக்குங்கள். இரண்டரை மடங்கு என்றால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். ஸ்பெக்ட்ரத்தின் சட்ட வேகம் விநாடிக்கு ஐம்பதுக்குச் சற்று மேல். வழக்கமான மானிட்டர் அறுபது. ஆறு முறை புதுப்பிக்கும்போது ஒரு சட்டம் இருமுறை தெரியும்; சீராக நகர வேண்டிய காட்சி லேசாக இடறும். எமுலேட்டர் மெதுவாக ஓடுகிறது என்று பலர் முறையிடுவது பெரும்பாலும் இந்த இடறலைத்தான். மானிட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்குமானால் இறக்கிவிடலாம். ஒலிக்கு 48 கே இயந்திரத்தில் இருந்தது ஒரே ஒரு பிட்: ஸ்பீக்கரை உள்ளே இழு, வெளியே தள்ளு. அதைக் கொண்டே டிம் ஃபாலின் பல குரல் இசை எழுதினார். நம் ஒலி அட்டை விநாடிக்கு 44,100 மாதிரி எடுத்தால், ஒரு மாதிரிக்குள் ஸ்பெக்ட்ரத்தின் கடிகாரம் எழுபத்தொன்பது முறை தட்டியிருக்கும். அந்த நுண்ணிய மாற்றங்களைச் சரியாகச் சராசரி செய்யாத எமுலேட்டரில் இசை கீச்சிடும்.

மற்ற இயந்திரங்களின் பாடு வேறு மாதிரி. காமடோர் 64-இன் 1541 டிஸ்க் டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 புராசசரும் 2 கிலோபைட் நினைவகமும் இருக்கின்றன. வேக ஏற்றிகள் தங்கள் நிரலை டிரைவுக்குள்ளேயே அனுப்பி ஓட்டும். ஆகவே வைஸ், ஒரு கணினிக்குப் பதில் இரண்டு கணினிகளை இணையாக ஓட்ட வேண்டும். அமைப்புகளில் 'உண்மையான டிரைவ் எமுலேஷன்' என்று காண்பது அதுதான். காமடோர் 1994-இல் திவாலானபின் ரோம் உரிமைக்கு ஆம்ஸ்ட்ராட் தந்ததைப் போன்ற பொது அனுமதி கிடைக்கவில்லை. டெபியனின் வைஸ் பொதியில் ரோம் இராது. பயனரே தேடி வைக்க வேண்டும்.

பிபிசி மைக்ரோவுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பயன்பட்டது அந்த இயந்திரம்தான். மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதை யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே தயாரித்தது. ஸ்பெக்ட்ரம் பிளஸும் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் வழியே உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்று இங்கே விற்றது. பள்ளியில் பிபிசியைத் தொட்டவர் இன்று அதைத் தேடினால், எதையும் நிறுவத் தேவையில்லை; ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர் உலாவியிலேயே ஓடும். அதில் எலைட் விளையாட்டைப் போட்டுப் பாருங்கள். திரையின் மேல்பகுதி இருநிறத்தில் கூர்மையாகவும், கீழேயுள்ள கருவிப் பலகை நான்கு நிறத்திலும் இருக்கும். அது இரண்டு வேறு திரை முறைகள். சட்டத்தின் நடுவில், ஒரு டைமர் சொல்லும் கணத்தில் மாற்றப்படுபவை. கணம் தவறினால் கோடு துள்ளும். ஒரு பிபிசி எமுலேட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது.

சட்டத்துக்கு வருவோம். எமுலேட்டர் எழுதுவதோ ஓட்டுவதோ குற்றமல்ல. 2000-இல் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் பக்கமே நின்றது. விளையாட்டுகள் கதை வேறு. அவை நாற்பது ஆண்டு பழையவை என்பதால் பொதுவுடைமை ஆகிவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிரலின் ஒரு பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்துவதற்காகவும், இழப்புக்கு எதிரான காப்பாகவும் படியெடுக்க இடம் தருகிறது. சொந்தக் கேசட்டை டிஇசட்எக்ஸ் ஆக்குபவருக்கு அது துணை. யாரோ ஏற்றி வைத்ததை இறக்குபவருக்கு அந்தத் துணை இல்லை. வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் காப்பகம் உரிமையாளர்களிடம் கேட்டு, மறுத்தவர்களின் விளையாட்டுகளை எடுத்துவிட்டது. எல்லோரும் அப்படி நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆக, யாருக்கு எது? மானிக் மைனரை அரை மணிநேரம் விளையாட வருபவருக்கு உலாவியில் ஓடும் ஜேஎஸ்ஸ்பெக்கி போதும். இசட்80 அசெம்பிளி கற்க வருபவருக்கு ஃபியூஸும் அதன் பிழைதிருத்தியும் வேண்டும். பொறி, முடுக்கம் எல்லாம் இருக்கட்டும், தட்டுக் கணக்கு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். பாதுகாக்க வருபவர் டிஇசட்எக்ஸோடு நிற்க முடியாது. ஜெட் செட் வில்லி தொடங்கும்போது, கூடவந்த அட்டையிலுள்ள 180 நிறக் குறியீடுகளில் ஒன்றைக் கேட்கும். அந்த அட்டையையும் வண்ணத்தில் வருடி வைக்க வேண்டும். ஸ்பெக்ட்ரம் எலைட் இன்னும் பிடிவாதம். லென்ஸ்லாக் என்ற சிறு பிளாஸ்டிக் பட்டகத்தைத் தொலைக்காட்சித் திரையில் வைத்துப் பார்த்தால் மட்டுமே சிதறிக் கிடக்கும் இரண்டு எழுத்துகள் புலப்படும். பட்டகத்தின் வேலையைச் செய்ய லென்ஸ்கீ என்ற நிரலைத் தனியே எழுத வேண்டி வந்தது. எமுலேட்டர் ஜன்னலின் அருகில் அதையும் ஓடவிட்டால், கலைந்து கிடக்கும் எழுத்துகளை அது படித்துச் சொல்லும். அதைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம்.